எச்சில் தொட்டுத் துடைத்த முகம்

படங்களை எச்சில் தொட்டுத்தான் அம்மா துடைக்கிறாள் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு முகம் சுளிப்பார்கள். ஓவியக்கூடத்தின் பின்பக்கம், பெரிய சன்னல் வைத்த அறையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பார்த்த வேலை அதுதான்.

குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றுவாள். வாயில் வைத்து நனைப்பாள். படத்தின் மேல் மெல்ல உருட்டுவாள். தேய்க்கவே மாட்டாள். பஞ்சு பழுப்பானதும் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த குச்சி. படத்தைத் தொட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகாது. கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரால் அந்த இடத்தை ஒற்றி எடுப்பாள். வேலை நாளில் மதியம் வரை காபி கிடையாது, காரம் கிடையாது. பக்கத்து அறையில் படங்களுக்குச் சட்டம் செய்யும் தச்சர் அவளுக்கு வைத்த பெயர் எச்சில் டாக்டர்.

"டாக்டரம்மா, உங்க எச்சிலை பாட்டில்ல அடைச்சு வித்தா, நாம ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டுக் காலை நீட்டிக்கலாம்."

"வாங்க வர்றவன் உன்னைப் பார்த்தா, இது உன்னோட எச்சில்னு நினைச்சு ஓடிடுவான். போய் ஆணியை அடிய்யா."

மகள் ரசாயனம் படித்தவள். சாயத் தொழிற்சாலையில் ஆய்வகப் பொறுப்பு. எச்சிலில் உள்ள என்சைம்கள் கரியையும் கைப்பிசுக்கையும் உடைக்கும், காய்ந்த எண்ணெய் வண்ணத்தை ஒன்றும் செய்யாது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அம்மாவின் மேசையில் பார்த்தவள்.

அம்மாவுக்கு ஓவியர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி. செத்துப் பல தலைமுறை ஆகியிருக்கும். ஆனாலும் அவன் இவன்தான்.

"இவன் முட்டைக்கருவுல வண்ணம் குழைச்சவன். தொட்டதும் காய்ஞ்சிடும். அதான் பாரு, முடி முடியா கோடு. வீடு தீப்பிடிச்சாலும் கோட்டை முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பான்" என்பாள் பழைய மரப்பலகையைக் காட்டி.

எண்ணெய் வண்ணம் வந்த பிறகு வந்தவனிடம் அவளுக்குக் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை. "ஒரு பூச்சு. அது காயற வரைக்கும் காத்திருப்பான். அதுமேல இன்னொரு மெல்லிசுப் பூச்சு. தோலுக்கு உள்ள விளக்கு வெச்ச மாதிரி ஆக்கிடுவான். ஆனா யாரையும் நம்பமாட்டான். கூட இருந்தவன் வரைஞ்ச கையை மறைச்சு, மேல தானே ஒரு கை வரைஞ்சிருக்கான். பாரு, பழைய விரல் ஒண்ணு எட்டிப் பார்க்குது."

வண்ணத்தைச் சின்னத் தகரக் குழாய்களில் அடைத்து விற்கத் தொடங்கிய காலத்தவன் வீட்டுக்குள் அடங்கவில்லை. கடற்கரையில் நின்று கெட்டியாக அப்பியிருந்தான். அலையில் மணல் ஒட்டியிருந்தது. "காத்து விடல. இவனும் விடல" என்று சொல்லி அம்மா அந்த மணலை அப்படியே இருக்க விட்டாள்.

அதற்குப் பின்னால் வந்தவன் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் வரைந்திருந்தான். அது எச்சிலுக்கே கரைந்தது. "இவன்கிட்ட என் பாச்சா பலிக்காது" என்று உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டினாள். "கையில என்ன கிடைச்சதோ அதுல வரைஞ்சிருக்கான். என்ன துணிச்சல் பாரேன்!"

ஓவிய வரலாறு மகளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான், அழுக்கு வழியாக.

சன்னலோரம் நிற்கும் ஒரு பெண்ணின் படம் வந்தபோது அம்மா அதிகம் பேசவில்லை. குளிர்காயும் கணப்பு அடுப்புக்கு மேல் தொங்கிக் கரியேறிய படம். வரைந்தவன் யாரென்று தெரியாது. நெற்றியில் தொடங்கி வலது கன்னம் வரை வந்துவிட்டாள். அப்போதுதான் அம்மாவின் நாக்கடியில் ஒரு கட்டி.

கதிர்வீச்சில் கட்டி கரைந்தது. எச்சில் சுரப்பிகளும் போயின. தண்ணீர் பாட்டிலோடு அறைக்குத் திரும்பியவள், பஞ்சை வாயில் வைத்து எடுத்தாள். பஞ்சு நாக்கில் ஒட்டிக்கொண்டு, குச்சி மட்டும் கையோடு வந்தது.

கூடத்தின் தலைவர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "உடம்பைப் பாருங்கம்மா. மிச்சத்தை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம்."

"முகத்துல பாதி ஒரு கை, பாதி இன்னொரு கையா? மூக்கு மேல கோடு விழும் சார். ரெண்டு பொம்பளையை ஒட்டவெச்ச மாதிரி நிப்பா."

அவர் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்.

மகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து செயற்கை எச்சில் தயாரித்தாள். என்சைம் அளவு சரி, உப்பு அளவு சரி, காரத்தன்மை சரி. அம்மா அதைப் படத்தின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள். திரவம் நிற்காமல் கீழே வழிந்தது. வழிந்த தடம் பூராவும் கரி போய் வெள்ளைக் கோடு.

"கணக்கெல்லாம் போட்டுத்தாம்மா செஞ்சேன்."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். இது தண்ணியா ஓடுது. எச்சில் ஓடாது, போட்ட இடத்துல நிக்கும்." அம்மா பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். மகளால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு குச்சியை எடுத்தாள். தன் வாயில் வைத்தாள். நீட்டினாள்.

அம்மா வாங்கவில்லை. "காபி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வா."

அன்றிலிருந்து தொழிற்சாலைக்கு லீவு. மகள் நனைத்துக் கொடுத்தாள், அம்மா உருட்டினாள். தச்சர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"டாக்டருக்குக் கம்பவுண்டர் வந்தாச்சா?"

"கம்பவுண்டர் இல்லய்யா. மருந்தே இவதான்."

தச்சர் ஆணியைத் தேடுவதுபோலத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மகளுக்கு வாய் உலர்ந்துபோகும். அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவள் எதிரே வைத்தாள். "தின்னாத. பாரு, போதும்." பார்த்தாலே ஊறியது. கரிக்குள்ளிருந்து படத்துப் பெண்ணின் இடது கண் வெளியே வந்தது. பிறகு கன்னம். கரிக்கு அடியில் அவள் கன்னத்தில் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை வரைந்தவன் ஒரே வீச்சில் போட்டிருந்தான், திருத்தவே இல்லை. அம்மா கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கெட்டிக்காரன்" என்றாள்.

வாயோரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். மகள் வாயில் அடுத்த குச்சி தயாராக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கேம்மா."

"இருக்கட்டும். அவன் போட்ட நிழலா, பின்னால ஏறின கரியான்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தொடக்கூடாது. அதைத் துப்பு."

மகள் துப்பினாள். வேலை முடிந்தது.

படம் சுவருக்குப் போனபோது அம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தாள். அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மூக்கின் மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து, ஓர் அடி தூரத்தில், நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள். அம்மாவின் வாய் எங்கே முடிந்தது, தன் வாய் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் புதிதாக வந்த காவலர். "அவ்வளவு கிட்ட மூச்சு விட்டா படம் கெட்டுடும்."

"சரிங்க" என்று மகள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தபோதுதான் அழுகிறோம் என்று தெரிந்தது.