ஒன்றும் சொல்லாவிட்டால்

“ஒண்ணும் சொல்லாம ஒக்காந்துட்டா பஸ்ஸு எங்கண்ணே நிக்கும்?” என்று மெர்சிலின் கேட்டதும், போளூர் பஸ் கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். “எறங்கறவங்க சொல்லணும்மா. சொல்லாங்காட்டி நேரா டிப்போதான்.” அதையும் அவள் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

ஜமுனாமரத்தூரில் வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறவளுக்கு, ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதிவைப்பது ஒரு பைத்தியம். வீட்டு மோட்டார் சுவிட்சிலிருந்து செல்லியக்காவின் டீக்கடை வரை சீட்டு ஒட்டிவிட்டாள். கடைச் சீட்டில் ‘ஒன்றும் சொல்லாவிட்டால் சர்க்கரை இரண்டு கரண்டி’ என்றிருக்கும். எழுதியவளோ தினமும் தவறாமல், “எனுக்கு சக்கரை வேணாங்க்கா” என்பாள்.

பைத்தியம் பிடித்த கதை இதுதான். கூப்பிட்ட வேலைக்குக் கணினி எத்தனை மைக்ரோ நொடி தாமதித்து எழுகிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. அளக்கும் த்ரெட் என்கிற உள்வேலையும் மற்ற வேலைகளோடு வரிசையில்தான் நிற்கவேண்டும். யாருக்கு முதலிடம் என்பதற்கு ஓர் எண். நாம் எண் கொடுக்காவிட்டால் கருவி தானாக எதை எடுத்துக்கொள்ளும்? கருவியின் கையேட்டில் அதைப் பற்றி மூச்சே இல்லை. அது தெரியாமல் இரண்டு வாரம் தப்பாகவே அளந்து, அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். இனி யாரும் இப்படி மாட்டக்கூடாது என்று ‘ஒன்றும் சொல்லாவிட்டால் எண்பது’ எனக் கையேட்டில் சேர்க்க ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

கருவியைப் பராமரிக்கும் பொறுப்பாளர் திருப்பிவிட்டார். “எங்கள் கருவியில் தொண்ணூற்றைந்து. எண்பது எங்கிருந்து வந்தது?” எங்கிருந்து வரும்? ஆறு மாதம் முன்பு தன் கணினியில் அவளே மாற்றி வைத்து, அடியோடு மறந்துபோன எண்! “எம் பழக்கத்த ஊரு வழக்கம்னு எழுதித் தொலைச்சிட்டேங்க்கா!” செல்லியக்காவிடம் சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. மூல நிரலைப் பிரித்துப் பார்த்து, தொண்ணூற்றைந்து என்று திருத்தி அனுப்பினாள். இதுவும் திரும்பினால் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று முடிவு.

நான்கு நாளாக வீட்டில் இருப்புக்கொள்ளாமல் டீக்கடை பெஞ்சிலேயே குடியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கைபேசி சிணுங்கியது. ‘சேர்த்துக்கொண்டோம். நன்றி, மெர்சிலின்.’ உலகத்தில் அந்தக் கையேட்டை யார் திறந்தாலும் இனி அவள் எழுதிய வரி இருக்கும்! பெஞ்சைச் சுற்றிக் குதித்தாள்.

“இன்னா மெர்சிலு, டீக்கு சக்கரை?”

பதில் இல்லை, குதிப்புதான். செல்லியக்கா அண்ணாந்து சீட்டைப் படித்தாள். இரண்டு கரண்டி போட்டு, ஆற்றி நீட்டினாள். மெர்சிலின் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கினாள்.