காலி அலமாரிகள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் இன்று புது அலமாரிகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த வாசத்தில் எனக்கு மறுபடி எட்டு வயது: முட்டைக்கோஸ் லோரியில், சின்னம்மா மடியில் உட்கார்ந்து மலையிறங்குகிறேன்.

இதே நூலகத்துக்கு நன்கொடை கேட்டு அன்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஒரு வாத்தியார் வந்திருந்தார். அம்மா நம்பவில்லை. "கோயிலுக்குன்னு வாங்கிட்டுப் போனவனையே இன்னும் காணோம். மொதல்ல நீ போய் நேர்ல பாத்துட்டு வாடி" என்று தன் தங்கச்சியை அனுப்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

நீண்ட அறை. வார்னிஷ் காயாத அலமாரிகள். ஒரு புத்தகம்கூட இல்லை.

திரும்பி வந்து சொன்னதும் அம்மா குதித்தாள். "பாத்தியா, ஏமாத்து வேலை!"

"ஏமாத்துறவனா இருந்தா நாலு புத்தகத்தையாச்சும் அடுக்கிக் காட்டியிருப்பான் லா, அக்கா!" என்றாள் சின்னம்மா.

வாத்தியார் மறுபடி வந்தபோது அம்மா, தீபாவளிச் சேலைக்கு வைத்திருந்த டுயிட்டில், அந்தக் காசில், பாதியை மட்டும் அவரிடம் நீட்டினாள். "மீதி, புத்தகம் வந்த பெறகு. இவ வளந்து அங்க படிக்க வருவா. வந்து பாத்துச் சொல்லட்டும்."

வந்துவிட்டேன். லீவுக்குப் போனபோது, கூரை முட்டப் புத்தகம் இருக்கிறது என்று அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொறந்து பாத்தியா? உள்ள எழுத்து இருக்கா?"