பாவசங்கீர்த்தன வரிசையில் நின்ற ஜெபராஜ்

2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, துபாயில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாவுக்குப் பயந்து கிடந்தேன். அதைவிடப் பெரிய பயம், கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாகப்போகிறோமே என்பது. அன்பானவர்களே, அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க எனக்கு உரிமையில்லை.

என் பெயர் சூசை. ஊர் மணப்பாடு. துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ரூம், சைட்டில் கம்பி கட்டும் வேலை. என் மேல்கட்டிலில் ஜெபராஜ். சாயர்புரத்துக்காரன், என்னைவிட நாலு வயது இளையவன், பெந்தெகொஸ்தே சபை. டியூட்டி முடிந்து வந்தால் வேதம்தான் பேச்சு.

"அண்ணாச்சி, ஏசுவ ஏத்துக்கிட்ட அன்னைக்கே நான் ரட்சிக்கப்பட்டாச்சு. நீங்க எதுக்கு ஒரு மனுசன்கிட்ட போயி பாவத்தச் சொல்லுதிய?" என்பான்.

"ஒரு நாள்ல முடியுத காரியமால அது? ஞானஸ்நானத்துல தொடங்கி சாகுத வரைக்கும் அருள்ல நிலைச்சு நிக்கணும். விசுவாசம் மட்டும் பத்தாது, அன்பும் நற்செயலும் வேணும்" என்பேன்.

செத்த ஆத்துமா மோட்சத்துக்கு முன் வெந்து சுத்தமாகும் உத்தரிக்கிற ஸ்தலம் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டான். சோனாப்பூர் வெயிலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்கலாமா என்றேன். ரூமே சிரித்தது.

தவக்காலத்தில் பேச்சு முற்றியது. "உங்க பூசை எல்லாம் வெறும் சடங்கு" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். ஐந்து மாதம். அவன் சோறு எடுத்து வைத்தால் தொடமாட்டேன். அன்பும் நற்செயலும் வேண்டும் என்று வாதாடிய அதே ஆள்தான்! அந்தக் கோபத்தோடேயே பூசைக்குப் போய் நற்கருணை நன்மையும் வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னதே இல்லை. விசுவாச வைராக்கியம் என்று நினைத்திருந்தேன்.

வயிற்றுவலியை மூன்று நாள் மறைத்து வேலைக்குப் போனேன். அந்த வெள்ளி விடிந்ததும் ரூமிலேயே சுருண்டு விழுந்தேன். ஜெபராஜ்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் இந்தியில் சொன்னதை அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது. ரத்த அழுத்தம் சரியானதும் மத்தியானத்துக்குமேல் ஆபரேஷன். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த ஐந்து மாதம் எனக்குப் பாவமாகத் தெரிந்தது. அவன் எதிரிலேயே நிற்கிறான், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். "மாதாவே, ஒரு சாமியார அனுப்பும்மா. இப்படியே என்னக் கொண்டு போயிராத."

ஜெபராஜ் என் கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, நான் ஜெபம் பண்ணட்டா?"

"சாமியார் வேணும்" என்றேன். ஐந்து மாதத்துக்குப் பின் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

என் கையை விட்டுவிட்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு தன் ஆராதனைக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். இனி யாரும் இல்லை என்று மனம் விட்டுப்போயிற்று.

அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், லீவு வெள்ளிக்கிழமை என்பதால் வெள்ளிதான் நமக்கு ஞாயிறு. ஒரு மொழிப் பூசை முடிந்தால் அடுத்த மொழி. அன்றைக்குச் சாமியாரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஆனால் ஒரு மணிக்கு ஜெபராஜ் திரும்பி வந்தான். பின்னாலேயே சாமியார்!

"எப்படில கூட்டிட்டு வந்த?"

"பாவசங்கீர்த்தன வரிசையில நின்னாத்தான் அவரப் பாக்க முடியும்னாவ அண்ணாச்சி. ஒரு மணி நேரம் நின்னேன். என் முறை வந்ததும் முழங்கால்ல நின்னு, 'சாமி, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. எங்க அண்ணாச்சிக்கு இருக்கு, அவரு சாகக் கிடக்காரு'ன்னேன். உடனே எந்திரிச்சிட்டாரு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொன்னேன். "ஏல, என்ன மன்னிச்சிரு."

பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். பயம் போய்விட்டது. பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி என்று ஆபரேஷனுக்குப் போனேன். பிழைத்தேன். பன்னிரண்டாம் நாள் கேம்ப்பில் அவன் போட்ட கஞ்சியைக் குடித்தேன்.

மீட்பை நாம் உழைத்து வாங்க முடியாது, அது அருள்தான். ஆனால் அந்த அருள் வந்த இடத்தில் அன்பு சும்மா இருக்காது. திருச்சபை இதை எப்போதும் சொல்லித்தான் வருகிறது. நான்தான் வாதாடுவதற்கு மட்டும் படித்திருந்தேன்.

ஜெபராஜ் மாறவில்லை. இன்றும் போனில் ரட்சிப்பைப் பற்றி என்னோடு மல்லுக்கட்டுகிறான். நானும் விடுவதில்லை. ஆனால் பேச்சை நிறுத்துவதில்லை.

உங்களில் யாருக்காவது நம்பிக்கை அற்றுப்போயிருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். நிச்சயம் உதவி அனுப்புவார். யார் கையில் கொடுத்து அனுப்புவார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.