வக்கீல் அய்யா உள்ளதான் இருக்காரு

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பதினெட்டு வருசம் வக்கீல் குமாஸ்தாவா கோர்ட்டுல கிடந்தவன், சாட்சி இல்லாத எதையும் நம்புற பழக்கம் இல்ல. இதுக்கும் சாட்சி இல்ல, அதான் கஷ்டம். நம்பினா நம்புங்க. நடந்ததை அப்படியே சொல்லிருறேன், நான் பண்ணின காரியத்தையும் சேத்து. அந்தப் பகுதிய மட்டும் இதுவரைக்கும் என் சம்சாரத்துகிட்டகூட சொன்னதில்ல.

ராமநாதபுரத்துல நான் வேலை பாக்குற இடம் ஒரு பழைய வக்கீல் ஆபீஸ். ஒரு பெரிய தலைவர், பேரச் சொன்னா உங்களுக்கே தெரியும், வேணாம், அவரு அரசியலுக்குப் போறதுக்கு முன்னாடி அங்கன உக்காந்துதான் தொழில் பண்ணினாரு. அவரு காலமாகி எத்தனையோ வருசம் ஆச்சு. மேசை, நாற்காலி, சட்டப் புத்தகம் அடுக்கின அலமாரி, கறுப்புக் கோட்டு எல்லாத்தையும் அப்படியே வச்சு நினைவிடமா ஆக்கியிருக்காங்க. திறக்கிறது, கூட்டுறது, வாரவங்களுக்கு நாலு வார்த்தை சொல்றது, இதுதான் என் வேலை. வாசல்ல அவரு பேரும் 'வக்கீல்'ங்கிற எழுத்துமா மரப்பலகை இன்னும் தொங்குது. அதைப் பாத்துதான் ஒரு அம்மா உள்ள வந்துச்சு.

ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். நான் உள் ரூமைப் பூட்டிட்டு சாப்பிடக் கிளம்பினேன். அம்பது வயசு தாண்டின பொம்பள, கையில பிளாஸ்டிக் பை நிறைய காகிதம். "வக்கீல் ஐயா இருக்கிறாரோ தம்பி?"ன்னு கேட்டுச்சு. இலங்கைப் பேச்சக் கேட்டதுமே மண்டபம் அகதி முகாம்ல இருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் எதுவும் கேக்காமலே சொல்ல ஆரம்பிச்சுருச்சு. மக பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேருன்னு இருக்கிற இடத்துல வேற யாரோ ஒரு ஆளோட பேரை எழுதிவச்சுட்டாங்களாம். புருசன் செத்துப்போனாரு. மகளுக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் திரும்பி வருது. எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்க போ, இங்க போங்கிறாங்க.

எனக்கு வயிறு காந்துது, வெயில் வேற. இது நினைவிடம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த தெருவுல நாலு வக்கீல் இருக்காங்க, கைகாட்டி விட்டிருக்கலாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? முகத்த சாதாரணமா வச்சுக்கிட்டு, "வக்கீல் அய்யா உள்ளதான் இருக்காரு, அந்த பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுவாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். சும்மா ஒரு விளையாட்டு. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. சாப்பிடும்போது நெனச்சு நெனச்சு சிரிச்சேன், இப்ப அதைச் சொல்றப்ப நாக்கு கூசுது.

திரும்பி வந்தா அந்தம்மா படியில நிக்குது, அழுதுட்டுத் துடைச்ச முகம், ஆனா தெளிவா இருக்கு. "கதைச்சனான் தம்பி, நல்ல மனுசர். நான் சொல்லி முடிக்கும் மட்டும் குறுக்க ஒரு சொல்லுச் சொல்லேல்லை"ன்னுச்சு. அய்யாவுக்கு இடது காது கேக்காதாம், அதனால நாற்காலிய இழுத்து வலது பக்கமா போட்டு உக்காரச் சொன்னாராம். பிள்ளை பிறந்தப்ப ஆஸ்பத்திரியில கொடுத்த துண்டுச்சீட்டு இருக்கும், தேடி எடுத்துக்கிட்டு அடுத்த புதன் வாங்கன்னாராம்.

சரி, நம்ம விளையாட்டுக்கு இது பதில் விளையாட்டுன்னுதான் நெனச்சேன். அந்தம்மா போனதும் ரூமைத் திறந்தேன். பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு, சாவி என் இடுப்புல. உள்ள, வழக்கு கொண்டு வாரவங்க உக்கார்ற நாற்காலி, நான் தினமும் மேசைக்கு நேரா போடுற நாற்காலி, வலது பக்கமா நகந்து கிடக்கு. மதுரையில இருக்கிற தலைவரோட சொந்தக்காரருக்கு போன் போட்டு, வேற என்னமோ கேக்குற மாதிரி காதைப் பத்திக் கேட்டேன். ஆமா, சின்ன வயசுலயே இடது காது போச்சு, அது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே, உங்களுக்கு யாரு சொன்னான்னாரு.

அடுத்த புதன் அந்தம்மா சீட்டோட வந்து நின்னுச்சு. உண்மையச் சொல்லிரணும்னு முடிவு பண்ணித்தான் இருந்தேன். ஆனா கதவைத் திறந்துவிட்டு வாசல்ல உக்காந்துட்டேன். அந்தம்மா குரல் மட்டும் கேட்டுச்சு. "ஓம் ஐயா"ங்கும், கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும், அப்புறம் யாரோ கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி ஏதோ சொல்லும். இன்னொரு குரல் எனக்குக் கேக்கல. எட்டிப் பாக்க தைரியமும் இல்ல. வெளிய வந்தப்ப எந்த ஆபீஸ், எந்தப் பழைய பதிவேட்ட எடுக்கச் சொல்லணும், என்ன எழுதிக் கொடுக்கணும்னு வரிசையா ஒப்பிச்சுச்சு. நானும் குமாஸ்தாதானே, ஒரு பிசகு இல்ல.

நடுவுல ஒரு நாள் மத்தியானம் நானே அந்த நாற்காலிய வலது பக்கம் போட்டு உக்காந்து, மன்னிச்சிருங்க அய்யான்னு சொல்லிப் பாத்தேன். ஃபேன் சத்தம்தான்.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தம்மா மறுபடியும் வந்துச்சு, திருத்தின சான்றிதழோட. புருசன் பேரை விரலால தொட்டுக் காட்டுச்சு. அன்னைக்கு உள்ள காலேஜ் பிள்ளைங்க கூட்டம். வாசல்ல இருந்தே எட்டிப் பாத்துட்டு, "ஐயா இண்டைக்கு இல்லை"ன்னு சாதாரணமா சொல்லிட்டுத் திரும்புச்சு. பஸ் ஏத்திவிட கூடவே போனேன். ஸ்டாண்டுல நிக்கிறப்பதான் அதைச் சொல்லுச்சு.

"அண்டைக்கு ஐயா என்னட்ட ஒண்டு கேட்டவர் தம்பி. வாசல்ல இருக்கிற ஆள் உங்கட பேரைக் கேட்டவரோ எண்டு."

நான் அன்னைக்குக் கேக்கவே இல்ல.

"ஓம், கேட்டவர், நல்ல தம்பி எண்டு சொல்லிப்போட்டன். உங்கட வேலை போயிடுமோ எண்டு பயம். ஐயா சிரிச்சுப்போட்டு என்னவோ எழுதிக்கொண்டவர்."

பஸ் வந்துருச்சு. அந்தம்மா ஏறிப் போயிருச்சு. அப்பகூட நான் பேரைக் கேக்கல பாருங்க, கேக்கணும்னு வாயத் திறந்தேன், முடியல. ஒரு மாசம் கழிச்சு மனசு கேக்காம முகாமுக்கே போனேன். வாசல்ல இருந்தவரு யாரைப் பாக்கணும், பேரென்னன்னாரு. ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டேன்.

அய்யா மேசை மேல ஒரு பழைய நோட்டு இருக்கு. அவரு கைப்பட எழுதினது. தினமும் காலைல அதைத் தூக்கித் தூசி தட்டி அதே இடத்துல வைக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் பிரிச்சுப் பாத்ததில்ல.