புறங்கையால் தொட்டவர்

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையின் விதையில் கலக்கும் நுண்ணுயிர் உரத்தின் செய்முறையை எங்கள் விழுப்புரம் கம்பெனி ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்பந்தம் போட்டு வாங்கியது. அதைச் சொல்லிக்கொடுக்கத் திண்டிவனத்திலிருந்து வந்தவர் அந்த நிலையத்தின் ஆய்வக உதவியாளர். கட்டை உருவம், காக்கிச் சட்டை. எந்தப் பொட்டலத்தையும் புறங்கையால்தான் தொடுவார், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.

சித்திரையில் மறுபடி வந்தார். கோடவுன் என் பொறுப்பு. தகரக் கூரை முட்டப் பொட்டலங்களை அடுக்கியிருந்தேன். ஒன்றின்மேல் புறங்கையை வைத்தவர், மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கி அடுக்கின் நடுவே குத்தினார். குத்திக் குத்திக் கிழித்தார். கறுப்புத் தூள் கொட்டியது. தடுக்கப் போன எங்கள் மேனேஜரைத் தள்ளியதில் மேனேஜரின் மண்டை தூணில் மோதி ரத்தம் வழிந்தது.

"பொட்டலத்துல நெழல்ல வைக்கணும்னுதான போட்டிருக்குது? நெழல்லதான வச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

அறைந்தார். காது அடைத்துப்போனது.

"தகரம் கொதிக்குது, இது நெழலாடா? அத்தினியும் உசுரு! கண்ணுல வச்சி வளத்துக்கினு வந்து குடுத்தா, வேவ வச்சி சாவடிச்சிட்டியே! இந்தப் பொணத்த வெதையில கலந்துட்டு வெளைச்சலுக்குக் காத்துக்கினு இருப்பான்டா குடியானவன்!"

போலீஸ் இழுத்துப்போனபோதும் வாசலில் குனிந்து, கிழியாத ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார். 

இப்போது கோடவுனில் ஏசி ஓடுகிறது. ஆனாலும் தினமும் காலையில் பொட்டலங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். அவர் அறைந்த காது மட்டும் இன்னும் கேட்பதில்லை.