அவர் உயரத்துக்கு ஒரு குளியலறை

தையற்காரம்மாவுக்கு முதலில் மக்கர் பண்ணியது வலது முழங்கால். கால் மிஷினை மிதித்து மிதித்துத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்தவள் அவள். இடது முழங்கால் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தது. பிறகு அண்ணன் போன வழியே தம்பியும் என்று அதுவும் மடங்க மறுத்துவிட்டது.

வீட்டுக் குளியலறையோ மாமனார் காலத்தது. உயரமான படி ஏறி, தலையைக் குனிந்து, வழுக்கும் சிமெண்ட் தரையில் இறங்க வேண்டும். மூலையில் குந்தி உட்காரும் பழைய பீங்கான். பிடித்துக்கொள்ளத் தண்ணீர்க் குழாயைத் தவிர ஒன்றும் கிடையாது. அதுவும் தொட்டால் ஆடும்.

"என்னங்க, மாடி வீடா கேட்டேன்? உட்கார ஒரு கமோடு, பிடிச்சுக்க ஒரு கம்பி. அவ்வளவுதான்."

கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

"கமோடெல்லாம் நோயாளிக்கு. நல்லா குந்தி எழுந்திரு, உடம்பு வணங்கும்."

உறவுக்காரர்கள் வந்தால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். குழாயைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி, பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி அவள் எழுந்திருப்பதை அப்படியே நடித்துக் காட்டுவார். கூடம் குலுங்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அழுதால் அடுத்த முறை அதையும் நடித்துக் காட்டுவார் என்று தெரியும். அடிக்கடி போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்னபோது, "தண்ணி குடிக்கக்கூட சோம்பேறித்தனம், டாக்டர்" என்றார் அவர்.

அப்புறம் ஒருநாள் பேங்க் வாசற்படியில் அவருக்குக் கால் தவறியது. இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். "இனிமே நீங்க குந்தவே கூடாது" என்றார் டாக்டர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்த பிறகும் அவருக்குத் தெரிந்தது தன்னுடையது மட்டும்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கொத்தனாருக்குப் போன் போட்டார். தான் வீடு திரும்புவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

சுவரை இடித்தார்கள். வேலை முடியும்வரை தையற்காரம்மா பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்கு நொண்டி நொண்டிப் போய்வந்தாள். அந்த வீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் பின்னாலேயே பக்கெட்டோடு வந்து கழுவிவிடுவாள்.

கொத்தனார் டேப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கமோடு எவ்வளவு உயரம் வைக்கட்டும்மா? நீங்களும்தானே உட்காருவீங்க?"

அவள் கணவருக்குப் போன் போட்டு, உயரத்தைக் கேட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் அவர் குரல் கணீரென்று வந்தது.

"என் உயரத்துக்கு வை. அவ எங்கே வேணா உட்காருவா."

கொத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினார்.

குளியலறை என்னவோ அழகாகத்தான் வந்தது. படி இல்லை. அகலமான கதவு, வழுக்காத டைல்ஸ், வெந்நீர், கையில் எடுத்து ஊற்றிக்கொள்ளும் ஷவர். ஆனால் அவர் நெடுநெடுவென்று ஆறடி. அவள் அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். கமோட்டில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. கைப்பிடிக் கம்பி எட்டவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், வந்ததும் வராமல் போயிற்று. காலுக்கடியில் வைக்க ஒரு பலகை கொண்டுவந்தாள். அவர் அதை ஊன்றுகோலால் வெளியே தள்ளினார்.

"என் கால் இடறினா யார் பதில் சொல்றது? உங்கப்பனா?"

அவரைக் குளிப்பாட்டும் வேலையும் அவளுடையதாயிற்று. ஒருநாள் காலையில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையிலும் முகத்திலும் சோப்பைத் தேய்த்திருந்தாள். வாசலில் ஒரு பெண் மகளோடு வந்து நின்றாள், சீருடைக்கு அளவு கொடுக்க. தையற்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"தண்ணி ஊத்துடீ! கண்ணு எரியுது!"

அவள் சிறுமியின் தோளை அளந்தாள். இடுப்பை அளந்தாள். நாடாவை உதறி, தோளை இன்னொரு முறை அளந்தாள்.

"உள்ளே ஐயா கூப்பிடறாரு போல," என்றாள் அந்தப் பெண்.

"கூப்பிடட்டும். வாய்க்கு ஒண்ணும் ஆகலையே."

திரும்பிப் போனபோது அவர் கண்கள் சிவந்து, உடம்பு வெடவெடத்தது. அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கியது கம்பியைப் பிடித்திருந்த கை. உட்கார்ந்த இடம் வழுக்கியது. அவள் தாங்கிப் பிடிக்க வரவில்லை. கை தானாகவே கம்பிக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றினாள்.

அன்றே அவர் வெளியூர் மகனிடம் போனில் புலம்பினார். மகன் ஓர் ஆளை அனுப்பினான். நல்ல கட்டுமஸ்தான ஆள், முன்பு பிணவறையில் வேலை பார்த்தவன். அங்கே யாரும் வலிக்கிறது என்று சொன்னதில்லை போலும். உடம்பைப் புரட்டினான், கையை முறுக்கினான், நாரைப் போட்டுத் தேய்த்தான்.

"மெதுவாப்பா... ஐயோ, இடுப்பு! இந்தாம்மா! எங்கே இருக்கே? கொஞ்சம் வாம்மா!"

வாம்மா. இத்தனை வருஷத்தில் அந்த 'அம்மா' அவர் வாயிலிருந்து அவள் காதில் விழுந்ததே இல்லை. பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து, குளியலறை வாசலுக்கு வந்தாள். நுரைக்குள்ளிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஆளிடம் சொன்னாள்.

"தம்பி, காதுக்குப் பின்னாடி அழுக்கு அப்படியே இருக்கு பாரு. நல்லா அழுத்தித் தேய்."