மூன்றே நாளில் நிறைந்த தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைச் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபது வருடமாகச் செல்களையே கட்டிக்கொண்டு மாரடிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று வாசல் காவலாளி விளையாட்டாகக் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வளர்ப்பது அவர் வேலை. உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் அவை. அவற்றை விழித்திரைச் செல்களாக மாற்றி, பார்வை மங்கிவருகிறவர்களின் கண்ணுக்குள் வைப்பதுதான் திட்டம். காத்திருந்தவர்களின் பட்டியலில் செல்லம்மாவின் அக்காவும் இருந்தார். துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு நீலத்தைக் கறுப்பென்று விற்றுவிட்டு, தானே வேலையை விட்டு நின்றுகொண்டவர்.

செல்களை வளர்க்கும் தட்டு நிறைந்ததும் அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டுகளுக்கு மாற்ற வேண்டும். செல்லம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மெல்லிய ஊசியால் கொத்துக் கொத்தாக வெட்டி எடுப்பார். ஒரு காலைப்பொழுது அதிலேயே போய்விடும். புதிதாக வந்த ஆய்வுத் தலைவி, என்சைம் ஊற்றிச் செல்களைத் தனித்தனியாக உதிர்த்து நெருக்கமாக விதைக்கச் சொன்னார். பத்து நிமிட வேலை. கெட்டிக்காரப் பெண்மணி, நோயாளிகளைச் சீக்கிரம் எட்ட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. செல்லம்மா சொன்னபடி செய்தார். ஆனால் வளர்ப்புப் பெட்டியின் கீழ் அடுக்கு ஓரத்தில் ஒரு வரிசைத் தட்டுகளை மட்டும் பழைய முறையிலேயே வளர்த்துவந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஐந்து நாளில் நிறைந்த தட்டுகள் நான்கு நாளில் நிறைந்தன. பிறகு மூன்றே நாளில். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். செல்லம்மா மட்டும் கை தட்டாமல் எழுந்து நின்றார்.

"ஒரே வாரத்துல ஒரு சாண் வளர்ந்த பிள்ளையப் பார்த்து யாராவது கை தட்டுவாங்களா மேடம்? டாக்டர்கிட்டதானே தூக்கிட்டு ஓடுவாங்க?"

தலைவிக்குச் சுருக்கென்றது. "குரோமோசோம் டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"அது நிறையறதுக்கு அஞ்சு நாள் எடுத்துக்கிட்டப்போ பண்ணின டெஸ்ட், மேடம். சின்ன மாற்றம்னா அதுல தெரியாமலும் போகும். என் பழைய தட்டையும் இதையும் சேர்த்து நுணுக்கமா பார்க்கச் சொல்லுங்க."

தலைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. பழைய வரிசையில் ஒரு குறையும் இல்லை. வேகமாக வளர்ந்தவற்றில், இருபதாவது குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் துண்டு இருந்தால் செல் லேசில் சாகாது. எங்கோ ஒரு செல்லில் தற்செயலாக நேர்ந்த கோளாறுதான். ஆனால் தனித்தனியாக உதிர்த்து, நெருக்கிப் போட்ட இடத்தில் மற்ற செல்கள் மடிய மடிய, சாக மறுத்ததன் வாரிசுகளே தட்டைப் பிடித்துக்கொண்டன. புற்றுநோய்க் கட்டிகளில் காணப்படும் குணம் அது.

தலைவி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பத்து மாச வேலை" என்றார். பிறகு, "கொட்டிடுங்க. எல்லாத்தையும்."

செல்லம்மாவே ப்ளீச் ஊற்றினார். தட்டுகளில் இருந்த இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் ஒவ்வொன்றாக வெளிறியது. தன் கையால் வளர்த்ததைத் தன் கையாலேயே அழிப்பது அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தார்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்க்கா."

"யாரால?"

"என்னாலதான்."

அக்கா போனை வைத்துவிட்டார். அதன்பின் நாற்பது நாள் பேச்சே இல்லை. நலம் விசாரித்தது, செல்களைக் கொட்டிய கதையைச் சொன்னது எல்லாம் அக்காவின் கணவர், மாமா மூலமாகத்தான். நாற்பத்தோராம் நாள், அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு செல்லம்மா வீட்டு மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"அத என் கண்ணுல வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தெரியாதுக்கா. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். கட்டி வந்திருந்தாலும் வந்திருக்கும்."

"தெரியாதுங்கற, அப்புறம் ஏண்டி கொட்டின?"

"தெரியாததாலதான்."

அக்கா மாமாவின் தோளை விட்டார். பிறகு, "சின்ன வயசுலயே உனக்கு இந்தப் புத்திதான். பால மூணு தடவ மோந்து பார்க்காம எனக்குக் குடுத்திருக்கியா நீ?" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

கீழ் அடுக்கு ஓரத்துச் செல்களிலிருந்துதான் எல்லாம் மறுபடி தொடங்கியது. கொத்துக் கொத்தாகப் பிரிப்பது, நெருக்காமல் விதைப்பது, பத்து முறை தட்டு மாற்றினால் கட்டாயம் ஒரு நுணுக்கமான சோதனை என்று தலைவியே விதி எழுதினார். அதன் அடியில் செல்லம்மாவிடமும் கையெழுத்து வாங்கினார்.

பதினான்கு மாதம் கழித்து முதல் சிகிச்சை நடந்தது. அக்காவின் முறை நான்காவதாக வந்தது. அவருக்கு நிறங்கள் திரும்பவில்லை. ஆனால் சில மாதங்களில் தானே எழுந்து, எதிலும் இடித்துக்கொள்ளாமல் வாசல்வரை நடந்தார்.

"கதவு தெரியுது. உன் மூஞ்சிதான் இன்னும் மங்கலா இருக்கு. போகட்டும், அதுல ஒண்ணும் நஷ்டமில்ல."

செல்லம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நடைவழியில் நின்று அழுதார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செல்களுக்கு விடுமுறை ஏது? காலையிலேயே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு ஊட்டத் திரவம் மாற்ற உட்கார்ந்துவிட்டார்.